வால் எலும்புக்கு மார்க்

“எத்தனை?”

“ஏழு.”

“நேத்து ஏழரைன்னு சொன்னியே.”

“அப்ப ஏழரைன்னே போட்டுக்குங்க.”

“போட்டுக்கிறதுக்கு இது என்ன ஏலமா? உன் வலி. நீதான் சொல்லணும்.”

“ஏழே கால்.”

“கால் எல்லாம் கிடையாது. அரை வரைக்கும்தான் கட்டம் போட்டிருக்கேன்.”

“ஏழரைதான் போங்க. ஆளை விடுங்க.”

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அசையாதே.”

அவள் அசையவில்லை. சமையலறையில் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, மெத்தையோ துண்டோ போடாத மர ஸ்டூலில், பாதங்களைத் தரையில் பதித்து, முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று அவள் கணவர் முதல் நாளே ஒரு காகிதத்தில் படம் வரைந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். படத்தில் இருந்த பெண்ணுக்குத் தலை கிடையாது. இடுப்பிலிருந்து கீழேதான்.

பத்து என்றால் தாங்க முடியாத வலி. பூஜ்யம் என்றால் ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு இருபது நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் மார்க் சொல்வாள். அவர் ஸ்டாப் வாட்சைப் பார்த்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி எழுதுவார். அந்த நோட்டின் வலது கீழ் மூலை முழுக்க எச்சில் பட்டுப் பட்டுச் சுருண்டு பழுப்பேறிக் கிடந்தது. அது கண்ணில் படாதபடி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டேதான் அவள் மார்க் சொல்வாள்.

இன்னும் ஐந்து நாளில், முதுகுத்தண்டின் நுனியில் இருக்கும் அந்த வால் எலும்பை வெட்டி எடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. முடிவு செய்தது டாக்டர் பாதி, நோட்டு பாதி. எடுத்துவிட்டால் வலி போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காயம் ஆறுவதற்கு அது நல்ல இடமில்லை, மலம் போகும் வாசலுக்குப் பக்கம், சீழ் வைக்கும், மாதக்கணக்கில் படுத்தும் என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து குளிக்கும்போது அந்த இடத்தில் கை படும்போதெல்லாம், அங்கே எலும்பு இல்லாமல் ஒரு பள்ளம் இருக்கப்போவதை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகில் பல் அடுக்கும் வேலை. அச்சுகளை அவளுக்குப் பிடிக்கும். வாயைத் திறந்தபடியே கிடக்கும், ஒரு வார்த்தை பேசாது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வேலைக்கூடத்தில் உட்காரப் போனபோது சக்கர நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. சிமெண்ட் தரையில் சப்பென்று விழுந்தாள். அடிபட்ட இடம் வெளியில் சொல்லக் கூசுகிற இடம். அதனால் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சொன்ன அன்றைக்கு அவள் கணவர் புது நோட்டு வாங்கி வந்தார்.

அவர் பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். ஒரே அளவுள்ள பலகைகளில் விதவிதமான பெயிண்டை அடித்து, வெயிலில் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஆணியால் கீறி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது வேலை. தொழிற்சாலையில் அவருக்குப் பலகை என்று பெயர். ஓய்வு பெற்றபின் வீட்டிலும், அவர் முதுகுக்குப் பின்னால், பலகையார் ஆனார். விளக்குமாறுக்கு மார்க், பல்புக்கு மார்க், பல்பை மாட்ட வந்தவனுக்கு மார்க்.

“ஒரு நேரத்துல ஒண்ணுதான்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். “ரெண்டு வைத்தியத்தைச் சேர்த்துப் பண்ணினா எதனால குறைஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? நாலு வாரம் ஒரு வைத்தியம். அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணுமே கிடையாது. அப்புறம் அடுத்தது.”

“குறைஞ்சா போதாதா? எதனாலன்னு எதுக்கு?”

“ஏம்மா, பலகை ஒண்ணா இருந்தாத்தான் பெயிண்டை ஒப்பிட முடியும்.”

“இதுல பலகை யாரு?”

அவர் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் வரிசையாக எட்டு வைத்தியம் நடந்தது. முதலில் காற்றடித்த ரப்பர் வளையம். கழிப்பறையில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். வியர்வையில் தோலோடு ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு அவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அடுத்தது பின்பக்கம் வெட்டு விட்ட ஆப்பு மெத்தை. அதில் எலும்பு எங்கேயும் படாது. அவளுக்கு அது பிடித்திருந்தது. நாலு வாரம் முடிந்த அன்றே அதைப் பரணில் ஏற்றிவிட்டார். கீழே இருந்தால் அடுத்த வைத்தியத்தின் மார்க் கெட்டுவிடுமாம். பிறகு மாத்திரை, வலி குறைந்ததோ இல்லையோ, வயிறு கல்லாக இறுகியது. பிறகு நாத்தனார் கொண்டுவந்த எண்ணெய். அது ஈரநாய் வாசம் வீசியது; தலையணை வரைக்கும் ஏறியது. பிறகு உடம்பெல்லாம் மெல்லிய ஊசி குத்தும் வைத்தியம், பிறகு உடற்பயிற்சி.

ஏழாவதுதான் விரல் வைத்தியம். கையுறை போட்டுக்கொண்டு, பின்வழியாக விரலை விட்டு, எலும்பைப் பிடித்து மெதுவாக அசைத்து இளக்குவார்கள். செய்த ஆள் நல்லவன்தான், கூச்சப்படாமல் சொல்லிச் சொல்லிச் செய்தான். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் பலகையார் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, இப்ப எவ்வளவு அழுத்தம் குடுக்கறீங்க?”

“லேசாத்தான் சார்.”

“லேசான்னா? ஒரு கிலோ? ரெண்டு கிலோ?”

“அதெல்லாம் அளக்க முடியாது சார்.”

“போன வாரம் இருந்த அதே அழுத்தமா?”

அந்த ஆள் விரலை எடுக்காமலே யோசித்து, “கிட்டத்தட்ட அதேதான் சார்” என்றான். அவள் கட்டிலின் விரிப்பைக் கடித்துக்கொண்டாள். வலியால் அல்ல.

எட்டாவது, மூட்டுக்குள் ஊசி மருந்து. எல்லாவற்றுக்கும் மார்க் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவிலேயே நின்றது. மீதி இருந்தது ஒன்பதாவது வரிசை ஒன்றுதான். அதற்கு ‘வெட்டு’ என்று தலைப்பெழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். வந்ததும் அண்ணன் நோட்டை எடுத்துக் கொடுத்தார், சிலர் கல்யாண ஆல்பத்தைக் கொடுப்பதுபோல. அவள் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே புரட்டினாள்.

“ஏண்ணா, என் எண்ணெய்க்கு ஏழரை. அந்த ஊசி குத்தற ஆளுக்கு ஏழா? என்ன நியாயம் இது?”

“சராசரி அப்படித்தான் வருது.”

“அண்ணி ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்டாங்க. அண்ணி, உள்ள வரைக்கும் தேய்ச்சீங்களா?”

“எந்த உள்ள?” என்றாள் அவள். மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பதினான்கு மாதமாக அவள் நின்றேதான் சாப்பிடுகிறாள்.

“அதான், அந்தப் பிளவுக்குள்ள…”

“நான் சாப்பிடறேன்.”

“நானும்தான் சாப்பிடறேன். உடம்புன்னா எல்லாம்தான் அண்ணி. எனக்கு மூலம் வந்தப்ப பாருங்க, தெருவுல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியும். நீயே சொன்ன.”

“சொன்னதாலதான் ஆளாளுக்கு மருந்து சொன்னாங்க. நீங்க வாயைத் திறக்கறதே இல்ல. ஏண்ணா, வெட்டுன எலும்பைக் கையில குடுப்பாங்களா?”

“கேட்டிருக்கேன்” என்றார் பலகையார். “சின்ன டப்பாவுல போட்டுத் தருவாங்களாம்.”

அவள் கையில் இருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது.

“எதுக்கு?”

“எதுக்குன்னா? பதினோரு மாசமா எதை வச்சு சோதனை பண்ணினோமோ அதைப் பார்க்க வேணாமா? எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு…”

“என் ஓரகத்தி பித்தப்பைக் கல்லை வச்சிருக்கா” என்றாள் நாத்தனார். “ஷோகேஸ்ல. பொம்மைங்க பக்கத்துல. பட்டாணி மாதிரி இருக்கும்.”

“கொஞ்சம் வாயை மூடறீங்களா ரெண்டு பேரும்.”

“பாருங்கண்ணா, நல்லதுக்குத்தானே பேசறோம்.”

“அவளுக்கு வலி, அதான் எரிச்சல்” என்றார் பலகையார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “நீ கொஞ்சம் உள்ளே போய் டிவி பாரும்மா. ஆறரை ஆகப்போகுது.”

“நானும் பார்க்கறேனே?”

“யாராவது இருந்தா மார்க் ஏறிடும்.”

நாத்தனார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பிரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்து ஸ்டூலை இழுத்தாள்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு ஆஸ்பத்திரியில் முன்பரிசோதனை இருந்தது. கார் ஓட்டியவர் பலகையார். அவள் வழக்கம்போலப் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. எடை பார்க்கும் கருவி, ஒரு கட்டில், கிருமிநாசினி வாசனை, அதற்குக் கீழே யாரோ சற்றுமுன் வாந்தியெடுத்த வாசனை. மேசைக்குப் பின்னால் ஒரு நர்ஸ். ஐம்பது வயதிருக்கும். மேல்வரிசையில் இடதுபக்கம் மூன்று பல் செட். நல்ல வேலை, ஆனால் தன் வேலை இல்லை என்று அவள் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

“உட்காருங்கம்மா.”

“நிக்கறேன்.”

“அட ஆமா. படுத்துக்கறீங்களா?”

“நிக்கறேன் சிஸ்டர்.”

“எல்லா விவரமும் இதுல இருக்கு” என்று பலகையார் நோட்டை மேசைமேல் வைத்தார். நர்ஸ் அந்தப் பழுப்பு மூலையைப் பார்த்தாள். தொடவில்லை.

“ஐயா, பழைய எக்ஸ்ரே எடுத்துட்டு வரலையா?”

“கார்ல இருக்கு.”

“அதைக் கொண்டுவந்துடுங்க. அப்படியே கீழ ரத்த ரிப்போர்ட்டும் வாங்கிட்டு வாங்க. கூட்டமா இருக்கும், டோக்கன் போட்டுடுங்க.”

“இவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது. நான் வந்தப்புறம் கேளுங்களேன்.”

“பேரு, வயசு எல்லாம் அவங்களுக்குத் தெரியுமில்ல? போய்ட்டு வாங்க.”

கதவு மூடியது. நர்ஸ் பேனாவைத் தட்டினாள்.

“ம், இப்ப சொல்லுங்க. காலையில எழுந்திருக்கறதுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும், எங்க நிக்கறீங்க, எங்க உட்கார்றீங்க, எல்லாம். படிவத்துல இல்ல. நான் கேட்கறேன்.”

அவள் சொன்னாள். காலையில் எழுவது, நின்றபடி சாப்பிடுவது, பஸ்ஸில் நின்றபடி போவது. விழுந்த பிறகு வேலைக்கூடத்தில் அவளைப் பல் அடுக்கும் மேசையிலிருந்து எடுத்து, அச்சுக்கு மாவு கரைத்து ஊற்றும் இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே எட்டு மணி நேரமும் நின்றே வேலை. திரும்பவும் பஸ். வீட்டுக்கு வந்தால் சோபாவில் ஒருக்களித்துப் படுப்பது.

“அப்ப எங்கயுமே உட்கார்றது இல்ல?”

“இல்ல.”

“பரவாயில்லையே. கெட்டியான இடத்துல?”

“சுத்தமா இல்ல. ஆறரைக்கு மட்டும்தான்.”

“ஆறரைக்கு என்ன?”

“மார்க்குக்கு. மர ஸ்டூல்ல இருபது நிமிஷம்.”

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

“இருங்க. என்னைக்கு?”

“தினமும்தான்.”

“எதுக்கு?”

“வைத்தியம் வேலை செய்யுதான்னு பார்க்க.”

“எத்தனை நாளா?”

“பதினோரு மாசம்.”

“மெத்தை வச்சா?”

“மெத்தை வச்சா வலி தெரியாதே சிஸ்டர். அப்புறம் எப்படி மார்க் சொல்றது?”

சொன்ன வாக்கியம் அவள் காதிலேயே போய் விழுந்தது. நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள்.

“டாக்டர் இதைக் கேட்டிருப்பாரே. கெட்டியான இடத்துல உட்கார்றீங்களான்னு.”

“கேட்டாரு. எல்லாரும் கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு இல்லைன்னாரு.”

“நீங்க?”

“நானும் தலையாட்டினேன். அது உட்கார்றதுன்னே தோணல. அது… சோதனை.”

“நடுவுல எப்பவாவது குறைஞ்சுதாம்மா? ஒரு வாரம், ரெண்டு வாரம்?”

அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. வந்ததும் முகம் சுட்டது.

“அவரு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாரு. வீடு பெயிண்ட் அடிக்கறாங்க, கூட நின்னு பார்த்துக்கணும்னு. ஒன்பது நாள்.”

“ம்.”

“கடைசி மூணு நாலு நாள் ரொம்பவே நல்லா இருந்துச்சு. சோபாவுல சாதாரணமா உட்கார்ந்து ஒரு படம் முழுசாப் பார்த்தேன். அவரு இல்லாத நிம்மதின்னு நினைச்சுக்கிட்டேன்.”

“அந்த நிம்மதி எனக்கும் தெரியும்” என்றாள் நர்ஸ். “ஆனா அதுக்கு எலும்பு வலி போகாது. அந்த ஒன்பது நாளும் ஸ்டூல் உண்டா?”

“இல்ல. ஆறரைக்கு போன் பண்ணுவாரு. நான் படுத்துக்கிட்டே ஏழுன்னு சொல்லிடுவேன்.”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. செட் பல் மூன்றும் தெரிய வந்தது. பிறகு அப்படியே போய்விட்டது. எழுந்து கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டாள்.

டாக்டர் வந்தார். கையில் பாதி கடித்த பிஸ்கட். வாயைத் துடைத்துக்கொண்டே நர்ஸ் சொன்னதைக் கேட்டார். மேசையில் கிடந்த நோட்டைப் பிரித்து, எட்டு வரிசையையும் மேலிருந்து கீழே பார்த்தார்.

“தினமும் புண்ணை நோண்டிப் பார்த்துட்டு ஆறலைன்னு எழுதியிருக்காரு” என்றார். “அழகா எழுதியிருக்காரு.”

“அப்ப எந்த வைத்தியமும் தப்பில்லையா டாக்டர்?”

“தெரியாதும்மா. அதான் கொடுமை. இதுல எது உங்களுக்குக் கேட்டுது, எது கேட்கலைன்னு இந்த நோட்டை வச்சுச் சொல்லவே முடியாது. எட்டும் வீண்.”

விரல் வைத்தியம் நடந்த கட்டிலின் விரிப்பு அவள் நாக்கில் வந்தது. துணியும் சோப்பும் கலந்த ருசி. அதையும் சும்மாவே தாங்கியிருக்கிறாள்.

“தேதி உங்களுது” என்றார் டாக்டர். “வெட்டித்தான் ஆகணும்னா வெட்டறேன். ஆனா என் வீட்டு ஆளா இருந்தா இப்ப வெட்ட மாட்டேன். மூணு மாசம் அந்தப் பின்னாடி வெட்டு விட்ட மெத்தை, பயிற்சி, கூடவே கையால பண்ற வைத்தியம். எல்லாம் ஒண்ணாவே. ஸ்டூல் பக்கம் போகக்கூடாது. அப்பவும் குறையலைன்னா வாங்க. என் கத்தி எங்கயும் ஓடிப்போயிடாது.”

“உறுதியாக் குறையுமா?”

“உறுதி எல்லாம் சொல்ல மாட்டேன். யோசிச்சு பன்னெண்டு மணிக்குள்ள சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. அந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கணும்.”

பலகையார் எக்ஸ்ரே உறையும் ரத்த ரிப்போர்ட்டுமாகத் திரும்பி வந்தபோது அவள் நடைபாதையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். சொன்னாள். நர்ஸ் கேட்டது, டாக்டர் சொன்னது, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டார். முகம் மெல்லச் சிவந்தது. வெட்கப்படுகிறார் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள்.

“போன்ல சொன்ன மார்க்கெல்லாம் பொய்யா?”

“என்ன?”

“ஒன்பது நாள். படுத்துக்கிட்டே ஏழு ஏழுன்னு சொல்லியிருக்க. நான் அதை எழுதி, சராசரி போட்டு…”

“நான் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீங்க என்ன கேட்கறீங்க?”

“உண்மையைச் சொல்லியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல? ரெண்டு, மூணுன்னு மார்க் விழுந்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்ல? கெடுத்தது நீ.”

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதுதான் இன்னும் குமட்டியது.

“சரி, கெடுத்தது நானு. இப்ப வெட்ட வேணாம்னு சொல்லப்போறேன்.”

“அவசரப்படாதே. எட்டு வரிசை முடிஞ்சிருக்கு. ஒன்பதாவது ஒண்ணுதான் காலி. இவ்வளவு தூரம் வந்துட்டு…”

“காலியா இருந்தா என்ன?”

“ஒப்பிட முடியாதேம்மா.”

கொஞ்சம் தள்ளி, தள்ளுவண்டியில் படுத்திருந்த ஒரு கிழவர் தலையைத் திருப்பி இவர்களைப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒண்ணு கேட்கறேன். பெயிண்ட் காய்ஞ்சுதான்னு எப்படிப் பார்ப்பீங்க?”

“கட்டை விரலால அமுக்கிப் பார்ப்போம்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“அமுக்கின இடத்துலயேவா?”

“சேச்சே. அமுக்கின இடம் கெட்டுப் போயிடுமே. அங்க மறுபடி அமுக்கவே கூடாது. அதுதான் முதல் பாடம். வேற இடத்துல…” சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். எக்ஸ்ரே உறை அக்குளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். எடுத்து, அதில் இல்லாத தூசியைத் தட்டினார்.

“சொல்லுங்க” என்றாள்.

“உனக்கு வேற இடம் இல்லையே” என்றார்.

அவளுக்கு உண்மையாகவே வாய்க்குள் எச்சில் ஊறியது. வாந்தி வரும் முன் ஊறுகிற எச்சில். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

“சிஸ்டர், எங்க கையெழுத்துப் போடணும்?”

“வேணாம்னா இங்க. வேணும்னா அங்க.”

அவள் இங்கே போட்டாள். நர்ஸ் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“இது என்னோட எலும்பு” என்றாள் அவள். சொன்னபிறகு அதுவும் அருவருப்பாக இருந்தது. ஏதோ கறிக்கடையில் நின்று பேசுகிற மாதிரி.

கார் கிளம்பியது. பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தால் அவருடைய பின்மண்டையும் ஒரு காதும்தான் தெரியும். காதில் ரோமம் வளர்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சீட்டின் தையலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கேயும் பிஸ்கட் தூள்.

அவரைச் சொல்லி என்ன. அவளை யாரும் கட்டிப்போட்டு உட்கார வைக்கவில்லை. அவர் குளியலறையில் இருந்து வரத் தாமதமான நாட்களில், “மணி ஆயிடுச்சு, வாங்க” என்று கூப்பிட்டதே அவள்தான். ஸ்டூலைத் துடைத்து வைத்தது அவள். வலி ஆறு என்று தோன்றிய நாளில், அவருக்கு ஏமாற்றமாக இருக்குமோ என்று ஆறரை சொன்னதும் அவள்தான். பாராட்டு வாங்குகிற பிள்ளை மாதிரி பின்புறத்தை மரத்தில் அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து, அசையாமல், பதினோரு மாதம். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் அந்த ஈரநாய் எண்ணெயைப் பூசியது போல இருந்தது.

இரண்டாவது சிக்னலில் அவர் தொண்டையைச் செருமினார்.

“நான் யோசிச்சுட்டேன்.”

அவள் தையலில் ஒட்டியிருந்த தூளை நகத்தால் எடுத்தாள்.

“தப்பு சோதனையிலதான். ஒத்துக்கறேன். பெரிய தப்பு. அதனால ஒன்பதாவது வரிசையை மாத்திடலாம். ‘வெட்டு’ங்கறதை அடிச்சுட்டு ‘நிறுத்தம்’னு போட்டுடலாம். மூணு மாசம் ஸ்டூல் கிடையாது. பார்க்கலாம் எவ்வளவு குறையுதுன்னு.”

சிக்னல் பச்சையானது. கார் நகர்ந்தது.

“ஒரே சிக்கல் என்னன்னா, உட்காராம மார்க் எப்படி எடுக்கறதுன்னுதான். மாசம் ஒரே ஒரு தடவை, அஞ்சே நிமிஷம்…”

“வண்டிய நிறுத்துங்க.”

“இங்கயா? இங்க நிறுத்த முடியாது.”

“நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. இல்லாட்டி உங்க சீட்டு மேலேயே வாந்தியெடுப்பேன்.”

நிறுத்தினார். அவள் கையை ஊன்றி எழுந்து, கதவைத் திறந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். இரண்டு பக்கமும் கடைகள். ஒரு சாவிக் கடை, ஒரு மருந்துக் கடை, கண்ணாடியில் மூடி வைத்த கேக். வீடு இன்னும் நாற்பது நிமிஷ நடை. நடப்பதில் அவளுக்கு எப்போதுமே வலி இல்லை.

கார் அவள் வேகத்துக்கு ஊர்ந்து வந்தது. கண்ணாடி இறங்கியது.

“ஏறும்மா. தெருவுல எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும். மார்க் போடுவாங்க.”

“சரி. ஒண்ணும் எழுதல. நோட்டே வேணாம். கிழிச்சுப் போட்டுடறேன்.”

“கிழிக்காதீங்க. உங்க தங்கச்சி ஆசையாப் படிச்சா. அவகிட்ட குடுங்க.”

“மெத்தையைப் பரண்லேர்ந்து நானே எடுத்துத் தரேன்.”

“எனக்கு ஏணி ஏறத் தெரியும்.”

பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொரு வண்டியும் அடித்தது. அவர் எட்டிப் பார்த்து, சாலையைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதா?” என்றார்.

எத்தனை என்று கேட்காமல் அவர் அதைக் கேட்டது அந்தப் பதினோரு மாதத்தில் முதல் தடவை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனது இளகவில்லை. வாயில் இன்னும் அந்த எச்சில்தான் ஊறிக்கொண்டிருந்தது.

“போய்க்கிட்டே இருங்க” என்றாள். “பின்னாடி பஸ்ஸு நிக்குது.”